டிரம் அண்ணனின் டிசம்பர் அடுப்பு

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அத்தனை பேரும் வெயிலைத் திட்டினோம். குளிர் போதவில்லை என்று புலம்பிய ஒரே மனிதர் டிரம் அண்ணன்தான். ஜூலை மாதத்தில், துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில், இரும்புக் கதவில் கை பட்டால் கொப்புளம் கிளம்பும் மத்தியான வேளையில், ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக ஒருவர் யார்டுக்குள் நடந்து போவார். புதிதாக வந்தவர்கள் ஏதோ விஷக் காய்ச்சல் என்று பயந்து வழிவிடுவார்கள். காய்ச்சலெல்லாம் ஒன்றும் இல்லை. அண்ணன் தன் டிரம்மைப் பார்க்கப் போகிறார்.

இது இரண்டாயிரங்களின் நடுவில். நான் அங்கே ஒரு கண்டெய்னர் யார்டில் டாகுமெண்ட் கிளார்க். டை கட்டாத குறைதான்; மற்றபடி என்னை ஆபீசர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேம்ப்பில் எனக்கு மேல் கட்டில், அவருக்குக் கீழ்க் கட்டில். அவருடைய சொந்தப் பெயரை விசா பேப்பர்களில் நானே பலமுறை டைப் அடித்திருப்பேன், ஆனால் இன்றைக்கு யோசித்தால் டிரம் அண்ணன் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் ரீஃபர் டெக்னீஷியன். பழம், மீன், இறைச்சியெல்லாம் கெட்டுப்போகாமல் கப்பலில் வருகிற குளிரூட்டும் கண்டெய்னருக்கு ரீஃபர் என்று பெயர். எந்த ரீஃபர் மக்கர் பண்ணினாலும், மெஷினில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கெட்டிக்காரர் சொந்த வீட்டு அடுப்பிடம் தோற்றுப்போயிருந்தார்.

அவர் வீடு கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. கேஸ் சிலிண்டர் வண்டி அந்த மேட்டில் ஏறாது. அண்ணி விறகை ஊதித்தான் சமைக்க வேண்டும். டிசம்பர் வந்துவிட்டால் அங்கே விறகு காயவே காயாது. வீடெல்லாம் புகை, விடிந்தால் அண்ணிக்கு இருமல். அண்ணன் முந்தைய லீவில், நல்ல வெயில் அடித்த மே மாதத்தில், கொல்லைப்புறத்தில் ஒரு டிரம்மை வைத்து, வீட்டு மாட்டின் சாணத்தையும் சாப்பாட்டுக் கழிவையும் கரைத்து ஊற்றிக் கோபர் கேஸ் தயாரித்தார். அடுப்பு ஜோராக எரிந்தது. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, இனிமேல் இந்த வீட்டில் ஊதுகுழலுக்கு வேலையில்லை என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு விமானம் ஏறினார்.

டிசம்பரில் கேஸ் நின்றுவிட்டது. நின்றதோடு போகவில்லை, டிரம் நாற ஆரம்பித்தது. காப்பி குடித்துவிட்டுப் போன அதே அக்கம்பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து விசாரித்தது. கடைசியில் அண்ணி அவ்வளவையும் மொண்டு தேயிலைச் செடிகளின் வேரில் ஊற்றிவிட்டு, மறுபடி விறகைப் பற்ற வைத்தார். பற்ற வைத்த கையோடு ஜெபல் அலிக்கு போன் போட்டார்.

"அடுத்த லீவு வர்ற வருஷம் டிசம்பர்ல தானே? வர்றப்ப குளிர்ல எரியற அடுப்போட வாங்க. இல்லாட்டி அங்கயே உங்க ஐஸ் பெட்டிக்குள்ள குடும்பம் நடத்துங்க."

வேறு யாராக இருந்தாலும் சமாதானம் சொல்லி, ஒரு மிக்ஸி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். டிரம் அண்ணன் இதை உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். புகையில் இருமுகிற பெண்டாட்டி ஒரு பக்கம், தோற்றுப்போன மானம் ஒரு பக்கம். டிரம்முக்குள் சாணத்தையும் சோற்றையும் தின்று கேஸ் விடுகிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு அவர் 'பசங்க' என்று பெயர் வைத்திருந்தார். "பசங்க குளிர்ல சுருண்டு படுத்துட்டாங்க தம்பி. அவங்கள குளிர்லயே வேலை செய்யப் பழக்கணும்" என்பார். பழக்குவதற்குக் கோத்தகிரிக் குளிர் வேண்டும். ஜெபல் அலியில் அது எங்கே கிடைக்கும்? அவர் கையில்தான் இருந்தது. கதவு நசுங்கி, காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு பழைய ரீஃபர் யார்டின் மூலையில் கிடந்தது. அதன் மெஷினை ரிப்பேர் செய்து, டெஸ்ட் ஓடுகிறது என்று போர்டு மாட்டி, பத்து டிகிரியில் வைத்தார். உள்ளே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். டிரம்மிலிருந்து வரும் கேஸ் பெட்டிக்குள் ஒரு மூச்சுக்கூடத் தங்கக் கூடாது. தண்ணீர் வடிகிற துவாரம் வழியாக ஒரு குழாயை வெளியே இழுத்து, லாரி டயரின் பழைய டியூப் ஒன்றில் மாட்டிவிட்டார். கேஸ் வந்தால் டியூப் உப்பும். உப்பினால் அடுப்பில் மாட்டலாம். ஏற்பாடு இவ்வளவுதான்.

நான் சும்மா இருக்காமல் ஒருநாள் கேட்டேன். இந்த ஒரு டிரம்மைக் குளிர வைக்கிற கரண்டில் கேம்ப்புக்கே மூன்று வேளை சமைக்கலாமே என்றேன். சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். இங்கே சமைப்பதற்காகவா இவ்வளவு பாடு, இங்கே எரிந்தால்தானே அங்கே எரியும் என்றார். நியாயமான பதில்தான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஆரம்பிப்பதற்குச் சாணம் வேண்டுமே. அல் அய்ன் பக்கம் போகிற ஒரு டிரெய்லர் டிரைவரிடம் மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்த ஆள் வழியில் கிடைத்த ஒட்டகப் புழுக்கையை அள்ளிக்கொண்டு வந்து, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விட்டான். அது கல்லு மாதிரி இருந்தது. அண்ணன் அசரவில்லை. மெஸ்ஸிலிருந்து ஒரு பெரிய அண்டாவைத் தூக்கி, தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு அண்டாவில் இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. காலையில் எங்கள் மெஸ் சமையல்காரர் காசிம் பாய் சத்தியம் செய்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், அரிசி அண்டா வேறு அண்டா என்று அறை அறையாகப் போய்ச் சொன்னார். கேம்ப்பில் ஒரு வாரம் யாரும் இட்லி தின்னவில்லை. காசிம் பாய் ராமநாதபுரத்துக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல் திட்டுவார்.

பிறகு டிரம்முக்குச் சாப்பாடு போடும் படலம். தட்டுக் கழுவும் இடத்தில் அண்ணன் வாளியோடு நிற்பார். மீந்த சோறு, குழம்பு, வாழைப்பழத் தோல் எல்லாம் அதற்குள் போகும். முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் டியூப் உப்பவில்லை, அண்ணன் முகம் வாடிவிட்டது என்று தெரிந்ததும் கேம்ப்பின் மனம் இளகிவிட்டது. நம் ஆட்களுக்கு ஒருவர் நோஞ்சானாக இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், தட்டில் இன்னும் ரெண்டு கரண்டி விழும். டிரம்முக்கும் அதேதான் நடந்தது. பாவம், இன்னும் கொஞ்சம் போடுங்க என்று ஆளாளுக்கு ஒரு பிடி சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை பிரியாணி போனது. பட்டான்கள் ரொட்டி அனுப்பினார்கள். ஓணத்தன்று மலையாளிகளின் மெஸ்ஸிலிருந்து ஒரு பாத்திரம் பாயசமே வந்தது. எனக்கு அன்று பாயசம் கிடைக்கவில்லை, டிரம்முக்குக் கிடைத்தது. இந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

இவ்வளவு தின்றும் டியூப் சப்பையாகவே கிடந்தது. தினமும் டியூட்டி முடிந்ததும் ஆட்கள் வரிசையாகப் போய் அதை அமுக்கிப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் டயர் கடைப் பையன்கள் ரெண்டு பேர் காற்றடிக்கிற ஹோஸை மாட்டி டியூபை உப்ப வைத்துவிட்டார்கள். அண்ணன் பார்த்தார். மூச்சிரைக்க ஓடிவந்து ஆபீசிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போனார், காசிம் பாயைக் கூப்பிட்டார், அடுப்பை மாட்டினார், கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனார். காற்று புஸ்ஸென்று வந்து குச்சியை அணைத்தது. அடுத்த குச்சியையும் அணைத்தது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் மப்ளரைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்குள் போய்விட்டார். அந்தப் பையன்களை அன்றைக்கு நான் திட்டிய திட்டு எனக்கே புதிதாக இருந்தது.

இதற்கு நடுவில் நாற்றம் யார்டு சூப்பர்வைசர் கான் பாயின் மூக்கை எட்டிவிட்டது. பெஷாவர்க்காரர், ஆறடிக்கு மேல் உயரம், கண்டெய்னரின் நிழலும் அவருடைய நிழலும் சில நேரம் ஒன்றாகத் தெரியும். பெட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே குல்லா போட்ட ஒரு மனிதர் டிரம்மின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "யே க்யா ஹை?" என்றார், என்ன இது என்று. அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியில் மனைவி, இருமல், டிசம்பர், பசங்க என்று எல்லாவற்றையும் விளக்கினார். அந்த இந்தியைக் கேட்ட பிறகும் கான் பாய் பெட்டியை அன்றே தூக்கி எறியச் சொல்லவில்லை என்பது பெரிய விஷயம். இனிமேல் ஒரு பருக்கைகூட யார்டுக்குள் வரக் கூடாது, எலி வருகிறது, பெருநாள் முடிந்ததும் பெட்டி காயலான் கடைக்குப் போகிறது, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ரம்ஜான் நோன்பு ஆரம்பம். காசிம் பாய் பகலில் அடுப்பு மூட்டவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கக் கொடுக்கும் கஞ்சியும் பழமும் வடையும் கேம்ப்பில் நோன்பு வைத்தவர், வைக்காதவர் எல்லோருக்கும்தான். அதில் மிச்சம் என்ற பேச்சே கிடையாது. வாளி காலி. காலி வாளியோடு அண்ணன் ரெண்டு நாள் கழுவுமிடத்தில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பசங்க பட்டினி கிடந்து செத்துவிடுவார்கள் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பார் என்று எனக்கே கவலையாகிவிட்டது. பெட்டியின் பேப்பரை நான் காயலான் லிஸ்டில் சேர்க்காமல், 'டெஸ்டில் உள்ளது' என்கிற ஃபைலிலேயே வைத்துக்கொண்டேன். அதனால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வேலையில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு அதுதான்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம் டிரம்மைக் கழற்றி எடுக்க நானும் அவரும் போனோம். டியூப் உப்பியிருந்தது.

அண்ணன் அதைத் தொடவே இல்லை. "டயர் கடைப் பசங்க" என்றார், கோபம்கூட இல்லாத குரலில். நான் விசாரித்துவிட்டு வந்தேன். பையன்கள் ரெண்டு பேரும் பத்து நாளாக அல் அய்ன் சைட்டில் வேலை பார்க்கிறார்கள். அப்படியும் அவர் நம்பவில்லை. அடுப்பை நான்தான் மாட்டினேன், குச்சியை நான்தான் உரசினேன். புஸ்ஸென்று வந்தது. பிறகு பொக்கென்று பிடித்துக்கொண்டு நீலமாக எரிந்தது. வெயிலில் சுடர் சரியாகத் தெரியவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அண்ணன் நம்பினார். உள்ளே பத்து டிகிரிதானா என்று மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பின்னால் கான் பாய் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் அந்தச் சுடரையே பார்த்தார். "சாய் பனாவ். மக்ரிப் கே பாத் பியேங்கே" என்றார். டீ போட்டு வை, நோன்பு திறந்த பிறகு குடிக்கிறேன் என்று அர்த்தம். அண்ணன் போட்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்தார். சாயங்காலம் அந்த டீயைக் குடித்துவிட்டு, பெட்டி இன்னும் ஒரு மாதம் டெஸ்டில் இருக்கட்டும் என்றார் கான் பாய்.

கேம்ப்பே கொண்டாடியது. ஆனால் அண்ணன் கொண்டாட்டத்தில் இல்லை. விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். காசிம் பாய்தான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டு உடைத்தார்.

"ஏப்பா, நாம போடுறப்ப எல்லாம் தரல. இருபத்தஞ்சு நாள் பட்டினி போட்டோம், தந்துச்சு. அதுக்கு அஜீரணம்ப்பா. குளிர்ல வயிறு மெதுவாத்தானே வேலை செய்யும்? நீ பாட்டுக்குப் பிரியாணியும் பாயசமும் கொட்டுனா?"

அண்ணன் முகம் மாறிவிட்டது. மூன்றாம் நாள், கேம்ப் வாசலில் இருக்கும் போன் பூத்துக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்டேன். போன டிசம்பரில் கேஸ் குறைய ஆரம்பித்தபோது அண்ணி போன் செய்து கேட்டிருக்கிறார். போடு, இன்னும் போடு, கணக்குப் பார்க்காமல் போடு என்று இவர்தான் இங்கிருந்து தினமும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் சொன்னபடி போட்டிருக்கிறார். அதில்தான் டிரம் புளித்துப்போனது. இவரோ ஒரு வருஷமாகக் குளிரைத் திட்டினார். குளிருக்கு அடுத்தபடியாக, அண்ணி சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எங்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். இப்போது அதைச் சொல்ல வேண்டும். ஒட்டகப் புழுக்கைக்குள் கையை விடத் தயங்காத மனிதருக்கு, பூத்தில் ரிசீவரை எடுத்தபோது வியர்த்துக்கொட்டியது.

"தப்பு உன்னுது இல்ல. நான்தான் போடு போடுன்னு சொல்லிக் கெடுத்தேன்" என்றார்.

லைன் போய்விட்டதோ என்று அவர் ரிசீவரைப் பார்த்தார். பிறகு எனக்கும் கேட்கிற அளவுக்குக் குரல் வந்தது.

"இதச் சொல்றதுக்கா ஒரு வருஷம் ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்திருந்தீங்க?"

அண்ணன் ஆமாம் என்றார். நான் வேடிக்கை பார்ப்பதுபோல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பரில் லீவுக்குப் போனார். கொல்லையில் புது டிரம் வைத்து, சுற்றிலும் காய்ந்த புல்லைக் கட்டி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, வீட்டில் மிச்சமிருந்த ஒரு கம்பளியையும் போர்த்திவிட்டார். ஒரு நாளைக்கு ரெண்டு கைப்பிடி, அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது என்று ஏற்பாடு. ஆனால் அந்தக் குளிரில் பசங்க எழுந்து உட்காரவே வாரக்கணக்கில் ஆகும். லீவு அதுவரை காத்திருக்கவில்லை. ஜனவரிக் கடைசியில், அடுப்பு எரிவதைப் பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டார். கேம்ப்பில் எல்லோரும் எரிந்ததா என்று கேட்டார்கள். எரியும் என்றார். மறுநாளும் கேட்டார்கள். மறுநாளும் எரியும் என்றார். மூன்றாம் வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. ஊரில் இன்னும் குளிர் விடவில்லை, இன்னும் புகைதான், அண்ணிக்கு இருமல்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். யார்டில் புதிதாக இறங்கிய ரீஃபர்களின் நம்பரை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணன் பிளக் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மொபைல் அடித்தது. எடுத்தார், கேட்டார், என்னிடம் நீட்டினார். அண்ணி என்னிடம்தான் பேச வேண்டும் என்றாராம்.

"தம்பி, காலையில எரிஞ்சுது. மேல பனி அப்படியே கெடக்கு, இது எரியுது. காப்பி போட்டேன், பருப்பு வேக வெச்சேன். ஒரு தடவ கூட இருமல. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவாரு."

நான் சொன்னேன். எரிந்ததாம் அண்ணே, இருமவில்லையாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். இந்தப் பெட்டியின் டெம்பரேச்சரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கரண்டே கொடுக்காத ஒரு காலி ரீஃபருக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். பிப்ரவரியானாலும் உள்ளே புழுங்கியிருக்கும். கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

கான் பாய் ரெண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். பெட்டி டெஸ்டில் இருக்கிறது என்று சொல்லி ரெண்டு முறையும் திருப்பி அனுப்பினேன். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை, யாரும் உள்ளே போகாதபடி அந்தக் கதவை மறைத்துக்கொண்டு நான் நின்றேன்.